மண்மேடும் மைதானமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், கொண்டாப்பூரில் வசிக்கும் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். "ஐயா, என் மகனுக்கு வயது பதினைந்து. கச்சிபௌலி ஸ்டேடியத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதலாக அவனுக்கு வேறு நினைவே இல்லை. வண்டி வாங்கிக் கொடுங்கள் என்கிறான். மறுத்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் தாயார் கண்ணீர் விடுகிறாள். இது என்ன விளையாட்டு, இதில் நம் பிள்ளைகளை விடலாமா, கூடாதா என்று தாங்கள் எழுத வேண்டும்" என்றார்.

நமக்கு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து பழக்கமே தவிர, ஓட்டிப் பழக்கம் இல்லை. ஆயினும் ஒரு தகப்பனார் கவலையோடு கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவுவது இந்தப் பகுதிக்கு அழகன்று. ஆகவே சில வாரங்கள் தேடிப் படித்தும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். தேடத் தொடங்கியதும் ஒன்று புலனாயிற்று. இந்த விளையாட்டின் வரலாறும் நம்மவர் வரலாற்றைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்று வேரூன்றிய வரலாறுதான்.

1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், காம்பர்லி என்னும் ஊரை அடுத்த புதர்க்காட்டு மேடுகளில், சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். அதற்குச் சாலை கிடையாது. சேறும் மணலும் செங்குத்தான சரிவுகளுமே பாதை. அவற்றைக் கடந்து யார் முதலில் வருகிறார் என்பதே கணக்கு. அதற்கு 'ஸ்கிராம்பிள்' என்று பெயரிட்டார்கள். முண்டியடித்து ஓடுதல் என்று நாம் சொல்லலாம். இந்த விளையாட்டு கடல் கடந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றபோது, மோட்டார் சைக்கிளையும் காடுமேடு ஓட்டத்தையும் குறிக்கும் சொற்களை ஒன்றாக்கி 'மோட்டோகிராஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 1948 ஆகஸ்டில், பாரிஸ் நகரத்தின் எல்லையில் இருந்த பஃபலோ ஸ்டேடியத்துக்குள்ளேயே இத்தகைய பந்தயம் ஒன்று நடந்தது. காட்டில் பிறந்த விளையாட்டு அரங்கத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

ஆயினும் அரங்கத்தையே வீடாக்கிக் கொண்டது அமெரிக்காவில். 1972 ஜூலை 8ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துக் கொலீசியத்தில், 1932இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அதே மைதானத்தில், மைக் குட்வின் என்பவர் மண்ணைக் கொட்டி மேடுகளை அமைத்துப் பந்தயம் வைத்தார். அவர் அதற்கு முன்பு இசைக் கச்சேரிகளை ஏற்பாடு செய்து வந்தவர். காட்டுக்கு மக்கள் வரமாட்டார்கள் என்றால், காட்டை மக்களிடம் கொண்டு வந்துவிடலாம் என்பதே அவருடைய எண்ணம். அன்றிரவு அனுபவம் மிக்க ஐரோப்பிய வீரர்களையெல்லாம் பின்தள்ளி வெற்றி பெற்றவன், மார்ட்டி டிரைப்ஸ் என்னும் பதினாறு வயதுச் சிறுவன். அந்தப் பந்தயத்துக்கு 'சூப்பர் பௌல் ஆஃப் மோட்டோகிராஸ்' என்று பெயர். நாளடைவில் அந்த நீண்ட பெயர் தேய்ந்து 'சூப்பர்கிராஸ்' ஆயிற்று. 1974 முதல் அங்கே தேசிய அளவிலான தொடர் பந்தயமும் நடந்து வருகிறது. 1993க்கும் 2000க்கும் இடையில் ஏழு முறை அந்தப் பட்டத்தை வென்ற ஜெரமி மெக்ராத் என்பவரை அந்நாட்டு இளைஞர்கள் இன்றும் மறவாமல் பேசுகிறார்கள்.

இனி, பந்தயம் நடக்கும் முறையைச் சிறிது பார்ப்போம். ஸ்டேடியத்தின் புல்தரையைப் பலகைகளால் மூடி, அதன்மேல் நூற்றுக்கணக்கான லாரிகளில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மண் மிகவும் காய்ந்திருந்தால் புழுதி எழும்பிப் பின்வருபவரின் கண்ணை மறைக்கும். மிகவும் நனைந்திருந்தால் சக்கரம் வழுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் வேண்டும். அடைக்குப் பதம் பார்க்கும் இல்லத்தரசிக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும். அந்த மண்ணில் ஒற்றை மேடு, இரட்டை மேடு, மூன்று மேடுகளை ஒரே பாய்ச்சலில் தாண்டவேண்டிய இடம், அலை அலையாகச் சிறு மேடுகள் அடுக்கிய பகுதி, சுவர்போல் வெளிப்புறம் உயர்ந்த திருப்பம் என்று வரிசையாக அமைக்கிறார்கள். ஒரு சுற்றை முடிக்க ஒரு நிமிடம் கூடப் பிடிப்பதில்லை.

வீரர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னே இரும்புக் கம்பி வேலி ஒன்று இருக்கிறது. முப்பது விநாடி என்று எழுதிய பலகையை முதலில் காட்டுகிறார்கள். பலகை பக்கவாட்டில் திரும்பியபின் சில விநாடிகளுக்குள் எந்தக் கணத்திலும் வேலி கீழே விழலாம். விழும் முன் பாய்ந்தவன் வேலியில் மாட்டிக்கொள்வான். விழுந்தபின் ஒரு விநாடி தயங்கியவன் கூட்டத்தின் பின்னால் புழுதி குடிப்பான். வண்டியின் எடை நூற்றுப் பத்துக் கிலோ அளவு. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, பின்னிருக்கை இல்லை. மேட்டிலிருந்து இறங்கும் அடியைத் தாங்குவதற்காக அதன் ஸ்பிரிங் அமைப்பு ஏறக்குறைய ஒரு அடி உயரத்துக்கு அமிழ்ந்து எழும்புகிறது. ஓட்டுபவன் பெரும்பாலும் உட்காருவதே இல்லை. நின்றபடியே முழங்காலாலும் இடுப்பாலும் வண்டியை ஆள்கிறான்.

மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே யாரோ விழுந்திருக்கிறார் என்று பொருள். அங்கே எவரும் எவரையும் முந்தலாகாது. சிவப்புக் கொடி அசைந்தால் பந்தயமே நின்றுவிடும். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, விழுந்தவனைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை உண்டு. இந்த ஒரு செய்தியை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

இந்தியாவுக்கு மோட்டார் பந்தயம் வந்த வழியில் நம் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான ஓடுபாதை எழுந்தது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம், சூப்பர்கிராஸ் பந்தயங்களை ஊர் ஊராக நடத்தி, இந்தப் பெயரை நம் நாட்டு இளைஞர் காதில் விழச் செய்தது. ஓசூரில் வண்டி செய்யும் டி.வி.எஸ். நிறுவனமும் 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. இந்த மண் பாதைகளில் பழகிய பெங்களூரு வீரர் சி. எஸ். சந்தோஷ், 2015இல் டாக்கார் என்னும் கொடிய பாலைவனப் பந்தயத்தை மோட்டார் சைக்கிளில் ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா, ஐந்து முறை தேசிய சூப்பர்கிராஸ் பட்டம் வென்றவர். 2024இல் அதே டாக்கார் பந்தயத்தில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார்.

அந்த 2024ஆம் ஆண்டிலேதான் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் என்னும் தொடர் பிறந்தது. கிரிக்கெட் அணிகளைப் போல, உரிமையாளர்கள் அணி வைத்து, வெளிநாட்டு வீரர்களையும் உள்நாட்டு வீரர்களையும் ஏலத்தில் எடுக்கும் முறை இது. முதல் பருவத்தில் புனே, அகமதாபாத், பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களில் பந்தயம் நடந்தது. இரண்டாவது பருவம் 2025 அக்டோபரில் புனேயில் தொடங்கியது. அதற்கு இந்தி நடிகர் சல்மான் கான் விளம்பரத் தூதரானார். டிசம்பரில் அது நம் ஹைதராபாத்துக்கு வந்தது. அதன்பின் கோழிக்கோட்டுக்குப் போய் முடிந்தது. 450 சி.சி., 250 சி.சி. என்று பெரியவர்களுக்குப் பிரிவுகள் இருப்பது போலவே, சிறுவர்களுக்கென்று 85 சி.சி. வண்டிகளில் ஒரு பிரிவும் இத்தொடரில் உண்டு. நம் அன்பரின் மகன் கண்ணை இமைக்காமல் பார்த்தது அந்தப் பிரிவைத்தான் என்று ஊகிக்கிறோம்.

கச்சிபௌலி ஸ்டேடியத்தின் கதையும் கேட்கத்தக்கதே. மக்களவைத் தலைவராக இருந்து 2002 மார்ச்சில் ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்த பாலயோகி அவர்களின் பெயரைத் தாங்கியது அது. 2002ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி எழுந்தது. 2003இல் ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டுகளும், 2007இல் உலக ராணுவ விளையாட்டுகளும் அந்தப் பகுதிக்கு வந்து போயின. 2019இல் தோன்றிய ஹைதராபாத் கால்பந்து அணி அதனைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டது; 2022இல் நாட்டின் பெரும் பட்டத்தையும் வென்றது. அந்த அணியே 2025இல் டில்லிக்குக் குடிபெயர்ந்துவிட்டது! ஓடுவதற்கும் குண்டு எறிவதற்கும் பந்து உதைப்பதற்கும் கட்டிய மைதானத்தில் டிசம்பரில் லாரி லாரியாக மண் விழுந்ததன் பின்னணி இதுவே.

இந்நகரம் மோட்டார் பந்தயத்துக்கு முற்றிலும் புதியதன்று. 2023 பிப்ரவரி 11ஆம் நாள், ஹுசைன் சாகர் கரையில், தலைமைச் செயலகத்தைச் சுற்றி அமைத்த தெருப் பாதையில், மின்சாரக் கார்களின் உலகப் பந்தயமான ஃபார்முலா ஈ நடந்தது. பிரெஞ்சு வீரர் ழான் எரிக் வெர்ன் வெற்றி பெற்றார். நகரமே திருவிழாக் கோலம் பூண்டது. அடுத்த பிப்ரவரியில் மீண்டும் நடக்க இருந்தது. ஆனால் 2024 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. ஒப்பந்தத்தைப் பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. பார்வையாளருக்காக அமைத்த இருக்கைகளைக் கழற்றிச் சென்றபின் எஞ்சியது வழக்கும் நினைவும்தான். ஹைதராபாத்துக் குழந்தை எதுவும் அந்தப் பந்தயத்தால் கார் ஓட்டக் கற்றதாக நாம் கேள்விப்படவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. வந்தவன் விருந்தாளியா, குடியானவனா என்பதை எப்படி அறிவது? இந்த வினாவுக்கு விடை சொல்லும் தகுதி நமக்கு உண்டு. கன்டோன்மென்ட் காலத்தில் சிகந்திராபாத்துக்கு வந்த நம் முன்னோர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர்களே. ஆனால் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், பத்மாராவ் நகரில் கந்தகிரிக் கோயிலில் கூடினார்கள், தெலுங்கு கற்றார்கள். இன்று அவர்களை எவரும் விருந்தாளி என்று சொல்வதில்லை. ஒரு விளையாட்டுக்கும் இதே அளவுகோல்தான். அது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதையேனும் கற்பித்துவிட்டுப் போனால் குடியேறியது என்று பொருள். டிக்கெட் பணத்தை எண்ணிக்கொண்டு போனால், எத்தனை முறை வந்தாலும் அது விருந்தாளிதான்.

பந்தயத்தின் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் ஸ்டேடியம் செலவு வைக்குமே தவிர வருமானம் தராது. இரவில் விளக்கெரிந்து மக்கள் கூடினால் பராமரிப்புக்குப் பணம் கிடைக்கும். அதே வேளையில், அதிகாலையில் அங்கே ஓடிப் பழகும் ஏழை வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஓடுபாதை சில வாரங்கள் கிடைக்காமற் போனால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மண்ணை அள்ளியபின் புல்தரை முன்போல் இருக்கவேண்டும். வந்த வருமானத்தில் ஒரு பங்கு அந்த மைதானத்துக்கே சேரவேண்டும். கண்காட்சி நடத்துபவர்களிடமும் அரசிடமும் இதை நாம் கேட்டால் தவறில்லை.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். பிள்ளையை விடலாமா?

முதலில் அபாயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டில் எலும்பு முறியாமல் பல ஆண்டு ஓட்டியவர் அரிது. மேலே நாம் பெருமையோடு குறிப்பிட்ட சந்தோஷ் அவர்களே 2021 ஜனவரியில் டாக்கார் பந்தயத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவர்களால் நினைவிழந்த நிலையில் பல நாள் வைக்கப்பட்டார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். உயர்ந்த பயிற்சியும் சிறந்த கவசமும் இருந்தவருக்கே அந்த நிலை. ஆகவே, தாயார் அழுவதில் தவறொன்றும் இல்லை.

ஆனால் அன்பர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பதினைந்து வயதில் வேகத்தின் மீது எழும் ஆசையை 'கூடாது' என்ற ஒரு சொல்லால் அணைத்துவிட முடியுமா? ஐ.டி. நகரின் அகன்ற சாலைகளில், நள்ளிரவுக்குமேல், சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கும் ஸ்டேடியத்து வீரர்களுக்கும் ஆசை ஒன்றுதான். வேறுபாடு எங்கே? ஸ்டேடியத்தில் எதிரே லாரி வராது. மஞ்சள் கொடி உண்டு. விழுந்தால் ஓடிவர மருத்துவர் உண்டு. கழுத்துக்கும் மார்புக்கும் முழங்காலுக்கும் கவசம் உண்டு. நள்ளிரவுச் சாலையில் இவற்றுள் ஒன்றும் கிடையாது; வீட்டுக்குத் திரும்பும் ஏதுமறியாத ஒருவர் குறுக்கே வருவார் என்பது மட்டுமே நிச்சயம்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தகப்பனார் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் பெற முடியாது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான் என்று கியர் வண்டி பரிசளிக்கும் பெற்றோர் நம் சங்கத்திலும் இருக்கலாம். அவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிப்பார்களாக.

ஆகவே நம் விடை இது. வண்டி வாங்கித் தர வேண்டா. ஆனால் பிள்ளையின் ஆசையைக் குற்றமாக்கவும் வேண்டா. கர்நாடகத்தில் கோலார் அருகே, அதே சந்தோஷ் அவர்கள் மண் பாதைகள் அமைத்துப் பயிற்சிக் களம் ஒன்று நடத்துகிறார். அவருடைய பிக்ராக் அணியே 2024இல் லீகின் முதற் பட்டத்தை வென்றது. களம் இருந்த இடத்தில் வீரர்கள் தோன்றினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? விடுமுறையில் பிள்ளையை இத்தகைய பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். தகப்பனார் கூடவே நில்லுங்கள். நின்றபடி ஓட்டவும், விழவும், எழவும் முறையாகக் கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு வாரம் இருந்துவிட்டால், அவனுக்கு இரண்டில் ஒன்று தெளிவாகும். இது தனக்கு ஆகாது என்று அவனே இறங்கி வருவான்; அல்லது இது விளையாட்டன்று, உழைப்பு என்று உணர்ந்து, அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யத் தொடங்குவான். எதுவாயினும் நள்ளிரவுச் சாலையில் பந்தயம் ஓட்டும் வெறி அவனைவிட்டு நீங்கும்.

இதில் பணச்செலவு மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. பயிற்சிக் கட்டணமும் கவசங்களும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரந்தான். அதனால்தான் நகரத்துக்கு அருகிலேயே ஒரு நிரந்தர மண் களம் வேண்டும் என்கிறோம். ஹைதராபாத்தைச் சுற்றிலும் பாறையும் பொட்டலுமாகக் கிடக்கும் நிலம் சிறிதன்று. அதில் ஒரு சிறு பகுதியில் மேடுகளை அமைத்து, குறைந்த கட்டணத்தில் வண்டியும் கவசமும் வாடகைக்குத் தந்து, ஆசிரியர் ஒருவரை வைப்பது அரசுக்கோ லீக் நடத்துபவர்களுக்கோ பெருஞ்செலவாகாது. அடுத்த முறை அவர்கள் இந்நகருக்கு வரும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள் என்ற கணக்கையும் நாம் கேட்போம்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் அன்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. மகன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுகிறானாம். காரணம் கேட்டோம். "நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து பழைய பந்தயப் படங்களைப் பார்த்தோம், ஐயா. மஞ்சள் கொடி ஏன் அசைகிறது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினான்" என்றார். பயிற்சிக்கு அனுப்புவதா என்று இன்னும் முடிவாகவில்லையாம். அதனால் குறையில்லை. கேட்பவரும் சொல்பவரும் ஒரே கூடத்தில் அமர்ந்துவிட்டார்கள். மற்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.